ஐந்து நொடி மௌனம்

லினக்ஸ் கெர்னலில் ஐஸ்கஸி டிரைவர் என்றொரு பகுதி இருக்கிறது. வேறொரு அறையில், சில வேளை வேறொரு கட்டடத்தில் இருக்கும் டிஸ்க்கை இந்தக் கணினிக்குள்ளேயே மாட்டியிருப்பதாக இயக்குதளத்தை நம்பவைப்பது அதன் வேலை. இணைப்பு தடைபடும்போதெல்லாம் அது கெர்னல் லாக்கில் ஒரு வரி எழுதும். முன்பு அந்த வரியின் சாரம் பெரும்பாலும் ஒன்றுதான்: இணைப்பில் பிழை, எண் 1011. எதிர்முனையில் உள்ள சேமிப்புப் பெட்டி தானே இணைப்பை மூடிக்கொண்டாலும் 1011. நடுவில் ஒரு சுவிட்ச் முடங்கி, கேட்டதற்குப் பதிலே வராமல் போனாலும் 1011. பிற்பாடு இதைப் பிரித்தார்கள். எதிர்முனை மூடினால் 1020. பதிலுக்குக் காத்திருந்து நேரம் கடந்தால் 1022. பிழைப் பட்டியலில் கூடுதலாகச் சில பெயர்கள், அவற்றை உரிய இடத்திலிருந்து அனுப்பச் சில வரிகள், அவ்வளவுதான். டிஸ்க்கைப் படிப்பதிலும் எழுதுவதிலும் ஒன்றும் மாறவில்லை. ஆனால் இரவுப் பணியில் இருப்பவர் சேமிப்புப் பிரிவை எழுப்புவதா, நெட்வொர்க் பிரிவை எழுப்புவதா என்ற கேள்விக்கு அன்றிலிருந்து லாக்கிலேயே பாதி விடை கிடைத்தது.

இப்படி லாக் வரிகளைத் திருத்தும் பேட்ச் ஒன்று, அதாவது நிரல் மாற்றம், ரிவ்யூவுக்கு வரும்போது, 'டீபக் வரிதானே, பிழை தேடத்தானே' என்று மேலோட்டமாகப் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. தரவு பாயும் பாதையில் ஒரு வரி மாறினால் நாலு பேர் கூடி வாரக்கணக்கில் வாதிடுவார்கள். அதே கோப்பில் முப்பது டீபக் வரிகள் மாறினால் எழுத்துப் பிழை உண்டா என்று பார்ப்பதோடு சரி. என் கட்சி வேறு. வலைவழிச் சேமிப்பின் டிரைவரில் டீபக் வரிகளைத் தொடும் மாற்றங்களை மற்றவற்றுக்குக் கொடுக்கும் அதே கவனத்தோடு படிக்க வேண்டும். சில இடங்களில் கூடுதலாகவே படிக்க வேண்டும். ஒரு டீபக் வரி சாட்சியைப் போன்றது. சம்பவம் நடந்த இடத்தில் இருந்தது அது ஒன்றுதான். மற்றவர்கள் எல்லாரும் பிறகு வந்து சேர்கிறவர்கள்.

இந்த டிரைவரின் சங்கடத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். ஸ்கஸி என்பது 1986இல் தரமாக்கப்பட்ட கட்டளை மொழி. டிஸ்க்கும் கணினியும் ஒரு முழம் கேபிளில் பிணைந்திருந்த காலத்தில் பிறந்தது. அந்தக் கட்டளைகளை இணையத்தின் டிசிபி இணைப்புக்குள் வைத்து அனுப்பலாம் என்பதுதான் ஐஸ்கஸி. 2004 ஏப்ரலில் அதற்கான தர ஆவணம் வெளியானது. கேபிளில் இருக்கும் டிஸ்க்குக்கு ஏறக்குறைய இரண்டே நிலைகள்: வேலை செய்யும், அல்லது பழுது என்று சொல்லும். நெட்வொர்க்குக்கு மூன்றாவது நிலை ஒன்று உண்டு. அது எதுவுமே சொல்லாது. அனுப்பிய கட்டளை போய்ச் சேர்ந்ததா, சேர்ந்து நிறைவேறி, பதில் வரும் வழியில் தொலைந்ததா, எதிர்முனை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறதா என்று இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் தெரியாது. கோப்பு முறைமைக்கு இந்த மூன்றாவது நிலையைப் பற்றிய அறிவே கிடையாது. ஆகவே மௌனத்தை ஒரு முடிவாக மாற்றித் தரும் பொறுப்பு டிரைவரின் தலையில் விழுகிறது.

அதை அது இப்படிச் செய்கிறது. வழக்கமான அமைப்பில், 5 நொடி எதுவும் வரவில்லை என்றால் எதிர்முனைக்கு ஒரு பிங் அனுப்பும். 'இருக்கிறாயா?' என்பதைத் தவிர அதில் பொருள் ஏதும் இல்லை. இன்னும் 5 நொடி காத்திருக்கும். பதில் இல்லையென்றால் இணைப்பு போய்விட்டதாகக் கொண்டு, மீண்டும் இணைக்க முயலும். அதற்கு 120 நொடி அவகாசம். அதுவரை மேலிருந்து வரும் கட்டளைகளை எல்லாம் நிறுத்திவைக்கும். அவகாசமும் முடிந்தால் கட்டளைகளைப் பிழையோடு திருப்பி அனுப்பும். கோப்பு முறைமை அதிர்ந்து, பல சமயம் இனி எழுத மாட்டேன், படிக்க மட்டும் விடுவேன் என்று நின்றுகொள்ளும். தரவுத்தளம் விழும். இத்தனையும் எழுப்புகிற ஆரவாரத்துக்குக் கீழே முதலில் நடந்தது ஒரு ஐந்து நொடி மௌனம்.

அந்தக் கணத்தில் டிரைவர் எழுதும் வரி, கெர்னல் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த வரிகளில் ஒன்று. பிங் 5 நொடியில் காலாவதியானது என்று தொடங்கி, கடைசியாக ஏதேனும் வந்த நேரம், கடைசி பிங் அனுப்பிய நேரம், இப்போதைய நேரம் என்று மூன்று எண்களை அடுக்கும். எண்கள் கெர்னலின் உள்துடிப்புக் கணக்கில் இருக்கும்; ஜிஃபி என்பார்கள். நொடிக்கு 250 துடிப்பு என்று அமைத்த கெர்னலில் முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் 1250 வித்தியாசம், இரண்டுக்கும் மூன்றுக்கும் 1250 வித்தியாசம் இருந்தால் கதை நேரானது: 5 நொடி ஒன்றும் வரவில்லை, பிங் போனது, மேலும் 5 நொடி ஒன்றும் வரவில்லை. குற்றம் வெளியே இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே 1250க்குப் பதில் 6000 இருந்தால்? அப்போது கதை வேறு. காலாவதியை அறிவிக்க வேண்டிய கடிகாரமே பல நொடி தாமதமாக ஓடியிருக்கிறது. இந்தக் கணினியின் செயலிதான் எதிலோ சிக்கி நின்றிருக்கிறது. பதில் வாசலில் வந்து காத்திருந்து, எடுத்துப் பார்க்க ஆளில்லாமல் கிடந்திருக்கலாம். நெட்வொர்க் பிரிவைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்த வரியை எழுதியவர் அந்த இரண்டாவது கதையை மனத்தில் வைத்து எழுதினாரா என்பது முக்கியமில்லை. 'நெட்வொர்க் பழுது' என்று அவர் தீர்ப்பு எழுதாமல், தான் கண்ட மூன்று நேரங்களை மட்டும் எழுதினார். அதனால்தான் பின்னால் வருகிறவர் வேறொரு கேள்வியோடு வந்தாலும் அந்த வரி அவருக்குப் பதில் சொல்கிறது. ரிவ்யூவில் நான் முதலில் தேடுவது இதைத்தான். இந்த வரி பார்த்ததைச் சொல்கிறதா, ஊகித்ததைச் சொல்கிறதா? 'எதிர்முனை செத்துவிட்டது' என்று ஒரு வரி இருந்தால், அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டும். தெரிந்ததெல்லாம் இத்தனை நொடியாக அங்கிருந்து எதுவும் வரவில்லை என்பது மட்டும்தான்.

ஜிஃபி பற்றி இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. கணினியைத் தொடங்கிய புதிதில் இந்த எண்கள் லாக்கில் 429 அல்லது 430 என்று தொடங்கும் பத்திலக்க எண்களாக இருப்பதைப் பார்த்திருக்கலாம். துடிப்புக் கணக்கைக் கெர்னல் பூச்சியத்திலிருந்து தொடங்குவதில்லை. 32 பிட் எண் நிரம்பி வழிவதற்குச் சரியாக 5 நிமிடம் இருக்கும் இடத்திலிருந்து தொடங்குகிறது. எண் வழிந்து திரும்பும்போது தடுமாறும் டிரைவர் ஏதாவது இருந்தால், பல வாரங்கள் கழித்துத் தடுமாறாமல், கணினியைத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே எழுதியவர் கண்ணெதிரில் தடுமாறட்டும் என்பது நோக்கம். பிழையை ஒளிய விடாமல் வெளிச்சத்துக்கு இழுத்துவரும் இந்த ஏற்பாட்டில் ஓர் அறம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

சாட்சி உண்மையைச் சொன்னால் மட்டும் போதாது, சம்பவத்தில் குறுக்கிடவும் கூடாது. சேமிப்பு டிரைவரில் இது மிகக் கடினம். கெர்னல் லாக்கில் எழுதும் ஒரு வரி சீரியல் கன்சோலுக்கும் போகிறது என்று கொள்வோம். சர்வர் அறைகளில் இன்றும் இது வழக்கம். அதன் வேகம் பொதுவாக நொடிக்கு 1,15,200 பிட். ஒரு எழுத்துக்குப் பத்து பிட் என்றால் நொடிக்கு 11,520 எழுத்துகள். நூறு எழுத்துள்ள ஒரு வரி வெளியேற ஏறத்தாழ 9 மில்லிநொடி. ஒரு நல்ல சேமிப்புப் பெட்டி நொடிக்கு 20,000 கட்டளைகளுக்குச் சாதாரணமாகப் பதில் சொல்லும். கட்டளைக்கு ஒரு வரி என்று எழுதப் புகுந்தால் ஒரு நொடியில் நடந்ததை எழுத 170 நொடிக்கு மேல் வேண்டும். நெடுங்காலம் கெர்னலில் எந்த இழை வரியை எழுதியதோ அதுவே நின்று கன்சோலுக்கு அனுப்பி முடிக்கும் நிலைதான் இருந்தது. சமீபத்திய பதிப்புகளில் அதைத் தனி இழைக்கு ஒப்படைக்கும் ஏற்பாடு வந்திருந்தாலும் எல்லாக் கன்சோலுக்கும் அது வந்துசேரவில்லை. பகிர்ந்த தரவைக் காக்கும் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் இழை வரிகளை எழுதிக்கொண்டே இருந்தால், பிங்குக்கான பதில் வந்தும் அதைப் படிக்க முடியாமல் போகும். ஐந்து நொடி கடந்துவிடும். இணைப்பு அறுந்ததாக டிரைவர் அறிவிக்கும். பழுதைத் தேடிப் போட்ட வரியே பழுதை உண்டாக்கிவிட்டது.

இதன் மறுபக்கமும் உண்டு. இரண்டு இழைகள் ஒன்றையொன்று முந்துவதால் வரும் பிழை, டீபக் வரியைப் போட்டதும் காணாமல் போய்விடும்; வரி தந்த சிறு தாமதத்தில் முந்துதல் நடக்காது. வரியை எடுத்தால் திரும்ப வரும். ஜிம் கிரே 1985இல் டேண்டம் நிறுவனத்தில் இருந்தபோது எழுதிய ஆய்வறிக்கை ஒன்றில் இவ்வகைப் பிழைகளை ஹைசன்பக் என்று குறிப்பிட்டார். உற்று நோக்கினால் நழுவும் பிழை. அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கைவிரிப்பதை நான் ஏற்பதில்லை. எங்கே வரி போடுகிறோம், பூட்டுக்கு உள்ளேயா வெளியேயா, கட்டளைக்கு ஒன்றா, நிலை மாறும்போது மட்டுமா என்பதெல்லாம் எழுதுகிறவர் கையில்தான் இருக்கிறது. வேகத்துக்கு வரம்பு கட்டவும் கெர்னலில் வழியுண்டு. வழக்கமான அமைப்பில் 5 நொடிக்கு 10 வரிகள், மீதியை விழுங்கிவிடும். விழுங்கப்பட்ட வரிகளில் நமக்கு வேண்டிய வரியும் இருக்கக்கூடும் என்பதை ரிவ்யூ செய்கிறவர் நினைவில் வைக்க வேண்டும்.

வலைவழிச் சேமிப்புக்கே உரிய இன்னொரு சுழல் உண்டு. உள்ளே டிஸ்க்கே இல்லாமல், ஐஸ்கஸி வழியாகவே தொடங்கி இயங்கும் சர்வர்கள் இருக்கின்றன. அங்கே லாக் கோப்பு எங்கே இருக்கும்? அதே தொலைதூர டிஸ்க்கில். டிரைவர் ஒரு வரி எழுதுகிறது. லாக் சேவை அதை டிஸ்க்கில் சேமிக்க முனைகிறது. அந்த எழுதும் வேலை இதே டிரைவர் வழியாகத்தான் போகிறது. அதற்கு ஒரு வரி. அதைச் சேமிக்க மீண்டும் எழுதும் வேலை. டீபக்கை அணைக்கும்வரை ஓயாது. இணைப்பு அறுந்த நேரத்திலோ நிலைமை இன்னும் மோசம்: ஏன் அறுந்தது என்று சொல்லும் வரிகள், அறுந்த இணைப்பைக் கடந்து போய்த்தான் சேமிக்கப்பட வேண்டும்.

நினைவகத்திலும் இதே சுழல். கணினியில் நினைவகத்துக்குத் தட்டுப்பாடு வந்தால், கெர்னல் பழைய பக்கங்களை டிஸ்க்கில் எழுதிவிட்டு இடத்தை விடுவிக்கப் பார்க்கும். எழுதும் வேலை இந்த டிரைவருக்கு வரும். அந்தப் பாதையில் டிரைவர் புதிதாக நினைவகம் கேட்டு நிற்கக் கூடாது. கேட்டால் இடம் கிடைப்பதற்கு அதுவே எழுதி முடிக்க வேண்டும், எழுதி முடிப்பதற்கு இடம் கிடைக்க வேண்டும். இரண்டும் நடக்காது, கணினி உறைந்துவிடும். வலைவழி டிஸ்க்கை இப்படிப் பக்கங்களை எழுதிவைக்கும் ஸ்வாப்பாகப் பயன்படுத்துவதைப் பாதுகாப்பாக்கும் பேட்ச்கள் லினக்ஸ் 3.6 பதிப்பில், 2012இல்தான் சேர்ந்தன. அவ்வளவு நுட்பமான இடம் இது. அங்கே கொண்டுபோய், செய்தியை அழகாக வடிவமைக்க வேண்டும் என்பதற்காகச் சாதாரண முறையில் நினைவகம் கேட்கும் ஒரு துணைச் செயற்கூறை டீபக் வரிக்குள் ஒருவர் வைத்துவிடலாம். சோதனையில் எதுவும் தெரியாது. நினைவகம் நிறைந்த சர்வரில், டீபக்கை இயக்கிய நாளில் தெரியும்.

அணைந்து கிடக்கும் வரிகளின் கேடு வேறு வகை. பழைய வழக்கப்படி டீபக் வரிகள் தொகுக்கும்போதே நீக்கப்படும். யாரும் தொகுக்காத வரியை யாரும் சரிபார்ப்பதில்லை. சுற்றியுள்ள நிரல் ஆண்டுக்கணக்கில் மாறிக்கொண்டே போக, அந்த வரி இல்லாத மாறிகளையும் மாறிவிட்ட வகைகளையும் சுட்டிக்கொண்டு உளுத்துப்போயிருக்கும். ஐஸ்கஸி டிரைவரின் டீபக் வரிகளைத் தொகுப்பு நேரத்துச் சுவிட்சிலிருந்து எடுத்து, ஓடும்போதே இணைப்பு, அமர்வு, பிழைமீட்பு என்று தனித்தனியாக இயக்கக்கூடியதாக மாற்றியது பெரிய நன்மை. ஏறக்குறைய அதே காலத்தில், 2009இல், கெர்னல் முழுவதற்கும் டைனமிக் டீபக் வந்தது. கோப்பு, செயற்கூறு, வரி எண் வரை சொல்லி ஒரே ஒரு செய்தியை மட்டும் இயக்கலாம். அதன் பிறகும் ரிவ்யூவில் தப்பிவிடும் பிழை வகைகள் இரண்டு உண்டு. ஒன்று, டீபக் வரியின் உள்ளே மதிப்பை மாற்றும் செயல் ஒளிந்திருப்பது. டீபக் இயங்கும்போது எண் கூடும், அணைந்தால் கூடாது. டிரைவர் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். மற்றது, வேலை முடிந்து திருப்பிக்கொடுத்த நினைவகத்தை டீபக் வரி படிப்பது. 'இந்தக் கட்டளை முடிந்தது' என்று சொல்லும் வரி, கட்டளையை விடுவித்த பிறகு எழுதப்பட்டிருந்தால், அது படிப்பது அந்நேரம் வேறொருவருக்குச் சொந்தமாகியிருக்கும் இடத்தை. சாதாரணமாக அணைந்து கிடப்பதால் எந்தச் சோதனையிலும் சிக்காது. ஒரு வரி நகர்த்தினால் தீரும் பிழை. கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான்.

எதைச் சொல்லக் கூடாது என்பதும் ரிவ்யூவின் பங்கு. வந்த பொட்டலத்தை அப்படியே பதினாறடிமான எண்களாகக் கொட்டும் வரி எழுதுவது சுலபம், தேடும்போது வசதியும்கூட. ஆனால் அந்தப் பொட்டலத்துக்குள் இருப்பது யாருடைய தரவு? ஒரு மருத்துவமனையின் நோயாளிக் குறிப்பாக இருக்கலாம், ஒரு வங்கிக் கணக்கின் வரியாக இருக்கலாம். உள்நுழைவுக் கட்டத்தில் கொட்டினால் அடையாளம் சரிபார்க்கும் சாப் முறையின் சவாலும் விடையும் லாக்கில் வந்துவிடும். ரகசியச் சொல் நேரடியாக வராவிட்டாலும், எளிய சொல்லாக இருந்தால் அவற்றை வைத்து ஊகித்துச் சரிபார்த்துவிடலாம். லாக் கோப்புகள் உதவி கேட்டு ஊர் ஊராகப் பயணம் போகிறவை. 2018 ஜனவரியில் வந்த 4.15 பதிப்பிலிருந்து, கெர்னல் தன் நினைவக முகவரிகளை லாக்கில் அப்படியே அச்சிடாமல் உருமாற்றித்தான் அச்சிடுகிறது. டீபக் செய்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். முடிவு சரியானது என்பதே என் எண்ணம்.

கருவியை அமைதிப்படுத்தச் செய்யும் மாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, சேமிப்பைச் சேராததானாலும், டெபியன் லினக்ஸில் நடந்ததை மறக்க முடியாது. நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று எச்சரிக்கை காட்டியது என்பதற்காக ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்கத் தொகுப்பில் 2006இல் ஒரு மாற்றம் செய்தார்கள். எச்சரிக்கை நின்றது. கூடவே, சாவிகளை உருவாக்கும் எண்களின் தற்செயல்தன்மையும் போயிற்று. மிஞ்சியது செயல்முறை எண் ஒன்றுதான். ஒரு வகைச் சாவிக்கு அதிகபட்சம் 32,768 சாத்தியங்கள். 2008 மே மாதத்தில் வெளியே வரும்வரை உலகமெங்கும் அப்படிப்பட்ட சாவிகள் பயன்பாட்டில் இருந்தன. அதை யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஒரு டீபக் கருவியின் வாயை அடைப்பது சின்ன வேலை என்று எல்லாரும் நம்பினார்கள்.

இனி, கெர்னலில் எந்த வரி தங்கலாம், எது போக வேண்டும் என்பது பற்றி. பிழையைத் துரத்தும்போது போட்ட வரிகளை எல்லாம் ஒரு பேட்ச்சாகக் கட்டி அனுப்புகிறவர்கள் உண்டு. 'இங்கே வந்தேன்', 'இதைத் தாண்டினேன்' என்று சொல்லும் வரிகள் துரத்தியவருக்குத் தேவைப்பட்டன, இன்னொருவருக்குத் தேவைப்படாது. அவற்றை மறுப்பதில் தயக்கம் கூடாது. செயற்கூறுகளுக்குள் நுழைந்ததையும் வெளியேறியதையும் காட்டக் கெர்னலிலேயே வேறு வசதி இருக்கிறது. தங்க வேண்டியவை, நிரலை ஒருபோதும் பார்த்திராத ஒருவருக்கு உதவும் வரிகள்: எந்த அமர்வு, எந்த இணைப்பு, எந்தக் கட்டளை, எத்தனை நேரம். அவருக்கு ஒரு அடையாள எண் கொடுக்கிறீர்கள் என்றால், நெட்வொர்க்கைப் படம்பிடிக்கும் வயர்ஷார்க்கில் அதே எண் அதே வரிசையில் தெரிய வேண்டும். ஐஸ்கஸியின் எண்கள் நெட்வொர்க்கில் ஒரு பைட் வரிசையிலும் இன்டெல் செயலியில் தலைகீழ் வரிசையிலும் இருக்கும். மாற்றாமல் அச்சிட்டால் இரண்டு திரைகளில் இரண்டு எண்கள். இதற்காகவே வீணாகும் மணிநேரங்களை நினைத்தால் மனம் பொறுப்பதில்லை.

வரியின் வாசகத்தை மாற்றினால் அதை நம்பி லாக்கைத் தேடும் ஸ்கிரிப்ட்கள் உடையும் என்ற வாதமும் வரும். உண்மைதான். 1011ஐத் தேடியவர்களுக்கு 1022 ஒரு நாள் தென்படாமல் போயிருக்கும். லாக் வாசகங்கள் மாறாது என்று கெர்னல் எவருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை; ஆனாலும் காரணமில்லாமல் சொல்லை மாற்றுவது அடுத்தவர் உழைப்பை அவமதிப்பது. காரணம் இருந்தால் மாற்றத்தான் வேண்டும். இரண்டு வெவ்வேறு சம்பவங்களுக்கு ஒரே பெயர் இருந்தது. அதைப் பிரித்தது நியாயமான காரணம்.

கெர்னலில் ஒவ்வொரு பேட்ச்சின் அடியிலும் பெயர்கள் இருக்கும். எழுதியவர் தன் பொறுப்பை ஏற்று இடும் ஒப்பம் 2004இல் தொடங்கிய வழக்கம். ரிவ்யூ செய்தவர் தன் பெயரை இட்டால், தொழில்நுட்ப ரீதியில் படித்துப் பார்த்தேன், இதைச் சேர்ப்பது நல்லது என்று நம்புகிறேன் என்று பொருள். இதில் பிழையே இராது என்ற உத்தரவாதம் அதில் இல்லை. ஆனால் படித்தேன் என்பது உண்மையாக இருக்க வேண்டும். டீபக் பேட்ச்சுகளின் அடியில் உள்ள பெயர்களில் எத்தனை பேர் உண்மையில் கடைசி வரி வரை படித்தார்கள் என்பது எனக்கு உறுத்தலான கேள்வி.

நிரல் எழுதத் தெரிந்த இளைஞர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. கெர்னலுக்குள் பெரிய பேட்ச் எழுதித்தான் நுழைய வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். எழுதுகிறவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள், படிக்கிறவர்கள்தான் போதவில்லை. லிப்ஐஸ்கஸி என்ற கோப்பு எவர் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கிறது. அதில் உள்ள செய்தி வரிகளை மட்டும் முதலில் படியுங்கள். எந்த நிலையில் எது எழுதப்படும், அப்போது எந்தப் பூட்டு யார் கையில் இருக்கும் என்று தேடிப் பாருங்கள். அடுத்து ஒரு டீபக் பேட்ச் வரும்போது, புரியாத வரிக்கு எழுதியவரிடம் விளக்கம் கேட்டுப் பதில் அனுப்புங்கள். அதுவும் ரிவ்யூதான்.